கிழக்கே எல்லை

அவன் முழங்கை பட்டது.
அவ்வளவுதான் நடந்தது என்று
மூன்று நாளாய் இந்த வீட்டில் சொல்லப்பட்டு வருகிறது.

இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி,
சீனி மூன்று கரண்டி.
நான் வெட்டி ஒட்டிய தமிழ் எழுத்துகளில்
முதலில் ழ நனைந்தது.
மிச்சம் சாவிகளின் இடுக்கால் இறங்கி
உள்ளே எங்கோ குடியேறியது.
திரை ஒருமுறை வெளிறி
யாரோ கூப்பிட்டதுபோல் எழும்பிப் போய்விட்டது.

வயரைப் பிடுங்கினேன்.
விமலதாஸ் தன் சாரத்தாலேயே துடைத்தான்.
கூடாரம்போலக் கவிழ்த்து நிறுத்தினோம்.
பிறகு அவன் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.
"சோறாக்கப் போறியோ?" என்று கேட்டேன்.
அன்றைக்கு நான் பேசிய கடைசி வார்த்தை அது.

மூதூர்க் காணி உறுதி.
சிங்களத்திலிருந்து தமிழுக்கு இருபத்தொரு பக்கம்,
வியாழன் நீதிமன்றத்துக்கு வேண்டும்.
பத்தொன்பதாம் பக்கத்தில்
வடக்கே வீதி,
மேற்கே வேலி,
தெற்கே முத்தலிபுவின் தென்னந்தோட்டம்,
கிழக்கே
என்கிற இடத்தில் முழங்கை வந்தது.

விடிய எறும்பு வந்தது.

என்.சி. வீதியில் முனாஸின் கடை,
கைப்பேசி உறைகளுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு விளக்கு.
"என்ன ஊத்தினீங்க?"
"தண்ணி."
துறைமுகத்துச் சுங்கக்காரனைப்போல் பார்த்தான்.
"தண்ணிக்கு எறும்பு வராது மிஸ்."
"தேத்தண்ணி."
"பாலா, பிளேனா?"
"பிளேன்."
"அல்ஹம்துலில்லாஹ்" என்றான்,
பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவன்போல.
"சீனியக் கழுவலாம். பால் எண்டா நாறிப் போயிருக்கும்."

பதினொரு ஆணி.
கழற்றிய வரிசை மாறாமல் காந்தத்தில் அடுக்கினான்.
ஸ்பிரிட்டில் தோய்த்த பழைய பல்தூரிகை
பலகையின் மேல் போய்க்கொண்டிருந்தது,
போய்க்கொண்டே இருந்து, நின்றது.
விளக்கைக் கிட்ட இழுத்தான்.

"இது மூணு நாள் வேல இல்ல மிஸ்.
பாருங்க, பச்சை பூத்திருக்கு. உப்பு.
ரெண்டு மூணு வருசமாத் தின்னுது.
வீடு எங்க?"
"கடலுக்குப் பக்கத்தில."
"சன்னலத் திறந்து வெச்சா வேல செய்ற?"

சன்னல்
அந்த வீட்டை எடுக்க நான் போட்ட ஒரே நிபந்தனை.
பிணைச்சல் கறள் கட்டுது என்றான் விமலதாஸ்,
ரேடியோ கரகரக்குது என்றான்,
பூட்டுக்குள் சாவி திரும்புதில்லை என்றான்.
காத்துக்குத்தானே வாடகை குடுக்கிறம் என்றேன் நான்.

"தேத்தண்ணி ஊத்தாட்டியும்
மாரிக்கு முந்தி மௌத்தாகியிருக்கும்.
தட்டு தப்பிட்டு. அத எடுத்துத் தாரன்."

ஆட்டோ பஸ் நிலையத்தருகே நின்றது.
நடுவீதியில் ஒரு புள்ளிமான்
கடதாசிப் பெட்டியைத் தின்றுகொண்டிருக்க
ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.
அந்த நேரத்தில் ஒரு வாக்கியம் செய்து பார்த்தேன்.
சேதம் ஏற்பட்டுள்ளதாகக் கண்டறியப்பட்டுள்ளது.
பதினாறு வருடம் இதுதான் என் தொழில்.
ஆளில்லாமல் வினை நடத்தத் தெரியும்,
இரண்டு மொழியிலும்.

வீட்டில் பக்கத்து வீட்டுக் கணினி
இரவல் வாங்கிச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தான்.
அவனைக் காணவில்லை. குசினியில் கோப்பைச் சத்தம்.
மூன்று நாளாய் அவன் தேத்தண்ணியை
அங்கேயே நின்று குடிக்கிறான்.

தட்டைக் கொழுவினேன்.
பத்தொன்பதாம் பக்கம் திறந்தது.
கிழக்கே
அதற்கப்பால் ஒரு கோடு மின்னிக்கொண்டு நின்றது.
கடல் என்று அடித்தேன்.

எழும்பிப் போய்ச் சன்னலைச் சாத்தினேன்.
கொண்டி அசையவில்லை,
உள்ளங்கையால் இரண்டு தரம் குத்தவேண்டியிருந்தது.

"மழையோ?" என்றான் உள்ளே இருந்து.

"இல்லை" என்றேன்.
கையில் கறள்.
"இங்க கொண்டு வா.
இருந்து குடி.
ஒரு கதை சொல்லவேணும்."